மூடு வரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

ஞாயிற்றுக்கிழமைகளில் பெரியவர்களுக்கு ஓவியம் சொல்லித்தருகிறேன். வங்கி ஊழியர், ஓய்வுபெற்ற ஆசிரியை, கம்ப்யூட்டர் கம்பெனிப் பையன், பிள்ளைகளைக் கல்லூரிக்கு அனுப்பிவிட்டு இப்போதுதான் மூச்சு விடுகிற அம்மா என்று பலரும் வருகிறார்கள். வரையத் தெரியாதே என்ற கவலை அவர்களுக்குப் பெரிதாக இல்லை. தெரியாததைக் கற்றுக்கொள்ளத்தானே வகுப்பு? அவர்கள் வாயில் அடிக்கடி வருவது வேறு. "ஆசை இருக்கு மாஸ்டர், உட்காரத்தான் முடியலை." "டச் விட்டுப்போச்சு." "மூடே வரலை." தங்களிடம்தான் ஏதோ கோளாறு என்பதுபோல, தலையைக் குனிந்துகொண்டு சொல்வார்கள். பெரும்பாலும் கோளாறு அவர்களிடம் இல்லை. கலை எப்படி உண்டாகிறது என்று நாம் கேட்டு வளர்ந்த கதைகளில் இருக்கிறது. அந்தக் கதைகளில் சிலவற்றைப் பார்க்கலாம்.

நம்பிக்கை: மூடு வந்தால்தான் வரைய முடியும்

எல்லாவற்றுக்கும் வேர் இதுதான். முதலில் உள்ளே ஒரு வேகம் பிறக்கும், அது கைக்கு இறங்கும், பிறகு படம் வரும் என்ற வரிசையை நாம் கேள்வி கேட்பதே இல்லை. படம் வரைந்தே பிழைத்தவர்களின் வாழ்க்கை வேறு வரிசையைக் காட்டுகிறது.

'பொன்னியின் செல்வன்' 1950 அக்டோபர் முதல் 1954 மே வரை 'கல்கி'யில் வாரந்தோறும் வந்தது. அதற்குப் படம் வரைந்தவர் மணியம். மூன்றரை ஆண்டுகளுக்கும் மேலாக, வாரா வாரம். இன்றைக்கும் வந்தியத்தேவனையும் நந்தினியையும் நினைத்தால் நம் மனக்கண்ணில் நிற்பது அவர் கொடுத்த முகங்கள்தான். அத்தனை வாரங்களிலும் அவருக்கு உற்சாகம் பொங்கியிருக்குமா? உடம்புக்கு முடியாத வாரமும் மனசு சரியில்லாத வாரமும் எந்த மனிதருக்கும் உண்டு. இதழ் அச்சேறும் நாள் மட்டும் மாறாது. 'ஆனந்த விகட'னில் 'தென்னாட்டுச் செல்வங்கள்' தொடருக்காகக் கோயில் கோயிலாகப் போய்ச் சிற்பங்களை வரைந்த சில்பிக்கும் இதே நிலைமைதான். பத்திரிகை ஓவியம் என்று இதை ஒதுக்குகிறவர்கள் உண்டு. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கெடுவுக்குள் வரைந்தவற்றில்தான் தமிழர்கள் தலைமுறை தாண்டி மனதில் வைத்திருக்கும் படங்கள் பல இருக்கின்றன.

ரஷ்ய இசையமைப்பாளர் சைக்கோவ்ஸ்கி 1878இல் தன் புரவலரான நதேஷ்தா வான் மெக் அம்மையாருக்கு எழுதிய கடிதத்தில் இதையே சொல்கிறார். மனநிலை சரியில்லை என்று சாக்குச் சொல்லிக் கைகட்டி உட்காரக் கூடாது, நாமாக உட்கார்ந்து தொடங்கினால் பிறகு அது வந்து சேரும் என்பது அவர் அனுபவம்.

அனுபவத்தோடு நிற்கவில்லை, சோதித்தும் பார்த்திருக்கிறார்கள். ராபர்ட் பாய்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர், எழுத முடியாமல் தவித்த கல்லூரிப் பேராசிரியர்களை மூன்று குழுக்களாகப் பிரித்தார். ஒரு குழு, மிக அவசியமானதைத் தவிர எதையும் எழுதக் கூடாது. இன்னொரு குழு, மனம் வரும்போது எழுதலாம். மூன்றாம் குழு நாள்தோறும் குறித்த அளவு எழுதியே ஆக வேண்டும். தவறினால் அவர்களுக்குப் பிடிக்காத ஓர் அமைப்புக்கு அவர்கள் பெயரில் காசோலை போய்விடும். 1983இல் வெளியான முடிவில் மூன்றாம் குழுதான் அதிகப் பக்கங்கள் எழுதியிருந்தது. அது எதிர்பார்க்கக்கூடியதுதான். வியப்பு என்னவென்றால், எழுதத் தகுந்த புதிய யோசனைகளும் அந்தக் குழுவுக்குத்தான் அதிகம் தோன்றியிருந்தன. சோதனை எழுத்தைப் பற்றியது, ஓவியத்தைப் பற்றியது இல்லை. ஆனாலும் வகுப்பில் நான் பார்ப்பதோடு அது அப்படியே ஒத்துப்போகிறது.

வகுப்பில் நடப்பது இதுதான். முதல் பயிற்சிக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரை மேஜைமேல் வைப்பேன். முதல் ஐந்து நிமிடம் எல்லோருக்கும் கை மரத்துப்போனது மாதிரி இருக்கும். டம்ளரின் வாய் வட்டத்தை வரையும்போது இரண்டு ஓரமும் கூராகி, வாதாங்கொட்டை மாதிரி நிற்கும். அழிப்பார்கள். மறுபடி கூராகும். ஓரத்தில் கோடு மடங்காமல் வளைந்து திரும்புகிறது என்பதைக் கண் கண்டுபிடிக்கக் கொஞ்ச நேரம் ஆகும். அதற்குப் பிறகு ஏதோ ஒரு கட்டத்தில் யாராவது, "மாஸ்டர், ஜன்னல் உள்ளே தெரியுது" என்பார்கள். டம்ளரின் வயிற்றில் ஜன்னல் கம்பிகள் மெலிந்து நீண்டு, அடிப்பக்கம் போய் வளைந்து கிடக்கும். வீட்டில் தினமும் காபி குடிக்கிற டம்ளர். அதற்குள் ஜன்னல் இருப்பதை அதுவரை பார்த்ததே இல்லை. அந்த நிமிடத்திலிருந்து அவர்களை யாரும் தூண்ட வேண்டியதில்லை, வகுப்பு முடிந்தும் எழுந்திருக்க மாட்டார்கள். மூடு அப்போதுதான் வந்திருக்கிறது, மரத்துப்போன ஐந்து நிமிடங்களைத் தாண்டிய பிறகு. வீட்டில் தனியாக வரைகிறவர்கள் அந்த ஐந்தாம் நிமிடத்தில் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு வராது" என்று எழுந்துவிடுகிறார்கள். அடிபம்பில் முதலில் நான்கு அடி வெறுங்காற்றுதான் வரும் என்று தெரிந்தவர்கள், தங்கள் கைக்கு மட்டும் அந்தச் சலுகையைத் தருவதில்லை.

அதனால் நான் கேட்பது ஒன்றே ஒன்று. "இன்று ஒரு படம்" என்று உட்காராதீர்கள், "பத்து நிமிடம்" என்று உட்காருங்கள். பத்து நிமிடம் முடிந்ததும் எழுந்துவிட முழு உரிமை உண்டு. உண்மையாகவே எழுந்துவிடலாம், அதில் தோல்வி எதுவும் இல்லை.

நம்பிக்கை: 21 நாள் விடாமல் செய்தால் பழக்கமாகிவிடும்

இந்த 21 எங்கிருந்து வந்தது? மாக்ஸ்வெல் மால்ட்ஸ் என்ற அமெரிக்க பிளாஸ்டிக் சர்ஜன் 1960இல் வெளியிட்ட புத்தகத்திலிருந்து. அறுவை சிகிச்சைக்குப் பின் நோயாளிகளுக்குத் தங்கள் புதிய முகம் பழகக் குறைந்தது 21 நாளாவது ஆகிறது என்று அவர் கவனித்து எழுதினார். "குறைந்தது" என்பது வாய்க்கு வாய் தாவியதில் உதிர்ந்துபோய், முகம் பழகுவதற்குச் சொன்ன கணக்கு எல்லாப் பழக்கத்துக்கும் சட்டமாகிவிட்டது.

லண்டன் யுனிவர்சிட்டி கல்லூரியில் ஃபிலிப்பா லாலியும் குழுவினரும் 96 பேரைத் தொடர்ந்து கவனித்து இதை அளந்தார்கள். சாப்பாட்டோடு பழம் சாப்பிடுவது, தண்ணீர் குடிப்பது, உடற்பயிற்சி செய்வது போன்ற சின்னப் பழக்கங்கள்தான். யோசிக்காமல் தானாகச் செய்யும் நிலைக்கு வரச் சராசரியாக 66 நாள் ஆனது. ஆளுக்கு ஆள் 18 நாளிலிருந்து 254 நாள் வரை வித்தியாசம். இதைவிட முக்கியமான செய்தி ஒன்றும் அதில் இருக்கிறது: இடையில் ஒரு நாள் விட்டுப்போனதால் பழக்கம் உருவாவதில் குறிப்பிடத்தக்க பாதிப்பு ஏதும் இல்லை.

இதை நான் அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. அமெரிக்க ஓவியர் ஜேக் பார்க்கர் 2009இல் தொடங்கிய இங்க்டோபர் சவாலை நம் ஊர்ப் பிள்ளைகளும் எடுக்கிறார்கள். அக்டோபரில் 31 நாள், நாளுக்கு ஒரு மை ஓவியம். அருமையான யோசனை. ஆனால் தீபாவளி நெருக்கத்தில் ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ விட்டுப்போனால், "சங்கிலி அறுந்துபோச்சு" என்று நோட்டையே மூடி வைத்துவிடுகிறார்கள். விட்ட நாளுக்குச் சேர்த்து மறுநாள் இரண்டு வரைய உட்கார்ந்து, அதுவும் முடியாமல் நிறுத்துகிறவர்கள் இன்னும் அதிகம். விட்ட நாள் போகட்டும். அடுத்த நாள் ஒரு படம் போதும்.

நம்பிக்கை: பரிசும் பாராட்டும் கொடுத்தால் ஆர்வம் வளரும்

பெற்றோர்களுக்காக இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பெரியவர்கள் பலருக்கும் ஆர்வம் அறுந்துபோன இடம் குழந்தைப் பருவத்தில்தான் இருக்கிறது.

1973இல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் என்ற மூன்று உளவியலாளர்கள் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தின் மழலையர் பள்ளியில் ஒரு சோதனை செய்தார்கள். ஸ்கெட்ச் பென்னைக் கண்டால் தாமாகவே ஓடிவந்து வரைகிற குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். ஒரு பகுதிக் குழந்தைகளிடம், "வரைந்தால் தங்க முத்திரையும் ரிப்பனும் வைத்த சான்றிதழ் தருவோம்" என்று முன்னாலேயே சொன்னார்கள். இன்னொரு பகுதிக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்த பிறகு அதே சான்றிதழைக் கொடுத்தார்கள். மூன்றாம் பகுதிக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்து, வகுப்பில் விளையாட்டு நேரத்தில் ஸ்கெட்ச் பென்களைச் சும்மா வைத்துவிட்டு மறைவில் இருந்து கவனித்தார்கள். சான்றிதழுக்காக வரைந்த குழந்தைகள், மற்ற இரு பகுதியினர் வரைந்த நேரத்தில் ஏறத்தாழப் பாதிதான் வரைந்தார்கள். பரிசுக்காக வரைந்த நாளிலும் அவர்கள் படங்கள் தரத்தில் சற்றுக் குறைவாகவே இருந்தன.

எதிர்பாராமல் கிடைத்த பரிசு கெடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். கெடுத்தது முன்கூட்டிப் பேசிய பேரம். பிடித்துச் செய்த வேலை, பேரம் வந்ததும் கூலி வேலையாகிவிடுகிறது.

நம் ஊரில் குடியிருப்புச் சங்கம் முதல் நகைக்கடை வரை குழந்தைகளுக்கு ஓவியப் போட்டி நடத்துகிறார்கள். தரையில் சார்ட் விரித்து உட்கார்ந்த ஐந்து வயதுப் பிள்ளைக்குப் பின்னால் நின்றுகொண்டு, "வானத்துக்கு நீலம் அடிம்மா, அப்பதான் பிரைஸ் தருவாங்க" என்று சொல்லும் அம்மாவை நான் பார்க்காத போட்டியே இல்லை. அந்த அம்மாவுக்குக் கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை. ஆனால் அந்தப் பிள்ளை அன்று கற்றுக்கொள்வது, படம் யாரோ ஒருவர் பார்த்து மார்க் போடுவதற்காகப் பிறக்கிறது என்பதை. முப்பது வருடம் கழித்து அதே பிள்ளை இன்ஸ்டாகிராமில் படம் போட்டுவிட்டு லைக் வரவில்லை என்று வண்ணப்பெட்டியை மூடுகிறது. பிள்ளை வரைந்ததைக் காட்டினால் "சூப்பர்" என்று சொல்லி நகராதீர்கள். "இந்த மாடு ஏன் திரும்பிப் பார்க்குது?" என்று கேளுங்கள். கதை வரும். அதற்குள் அடுத்த படமும் இருக்கும்.

அதற்காகக் காசு என்றாலே கலைக்கு ஆகாது என்று எடுத்துக்கொள்ள வேண்டாம். அது இன்னொரு தப்பான நம்பிக்கை. சென்னைக்குத் தெற்கே ஈஞ்சம்பாக்கத்தில் 1966இல் சோழமண்டலம் ஓவியர் கிராமம் உருவானது. கே.சி.எஸ். பணிக்கர் தலைமையில் சென்னை ஓவியக் கல்லூரியோடு தொடர்புள்ள கலைஞர்கள் சேர்ந்து கட்டியது. அதற்கான பணம் வந்த ஒரு வழி பாத்திக் துணி வேலை. துணியில் மெழுகு தடவி, சாயத்தில் முக்கி, கொதிநீரில் மெழுகை எடுத்து, மறுபடி தடவி என்று கைவினைப் பொருள்கள் செய்து விற்றார்கள். சாப்பாட்டுக்கு அது, ஓவியத்துக்கு மீதி நேரம். ஓவியத்தின் தலையில் குடும்பச் செலவை ஏற்றாமல், அதற்கென்று வேறொரு கைவேலையை வைத்துக்கொண்டார்கள். வேலைக்குப் போய்க்கொண்டே வரைகிறவர்கள் தங்களை அரைக் கலைஞர் என்று தாழ்வாக நினைப்பதைக் கேட்கும்போதெல்லாம் எனக்குச் சோழமண்டலம்தான் நினைவுக்கு வரும்.

நம்பிக்கை: நேரமும் நல்ல பொருளும் அமைந்தால் தொடங்கிவிடலாம்

மனோகர் தேவதாஸ் 1936இல் மதுரையில் பிறந்தவர். சென்னையில் பேட்டரி நிறுவனம் ஒன்றில் வேதியியலாளராக வேலை பார்த்தார். பார்வை வட்டம் வருடத்துக்கு வருடம் சுருங்கிக்கொண்டே போகும் விழித்திரை நோய் அவருக்கு. 1972இல் நடந்த கார் விபத்துக்குப் பிறகு மனைவி மஹிமாவால் கை கால்களை அசைக்க முடியவில்லை. 2008இல் மஹிமா மறையும்வரை உடனிருந்து பார்த்துக்கொண்டார். இவ்வளவுக்கும் நடுவில் மதுரையின் கோபுரங்களையும் மண்டபங்களையும் தெருக்களையும் மெல்லிய மைக்கோடுகளால், தலைமுடி அளவு நுணுக்கத்தோடு வரைந்தார். 2020இல் பத்மஸ்ரீ. 2022 டிசம்பரில் காலமானார்.

இவரைக் காட்டி யாரையும் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற எனக்கு விருப்பமில்லை. "அவரே வரைந்தார், உனக்கென்ன?" என்று கேட்பது கொடுமை. நான் பார்ப்பது அவர் தேர்ந்துகொண்ட முறையை. மைப்பேனாவும் தாளும் போதும். கரைக்க வேண்டியதில்லை, கழுவ வேண்டியதில்லை. எந்த நேரத்திலும் கூப்பிட்டால் எழுந்துபோகலாம், திரும்பி வந்து விட்ட கோட்டிலிருந்து தொடரலாம். இடையில் அறுபட்டாலும் கெடாத ஊடகம் அது. கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களும் வயதான பெற்றோரைப் பார்த்துக்கொள்கிறவர்களும் எண்ணெய் வண்ணத்தை எடுத்துவைத்துக்கொண்டு மூன்று மணி நேரம் கிடைக்கவில்லையே என்று ஏங்குவதைவிட, இப்படி ஊடகத்தை மாற்றிப் பார்க்கலாம்.

நல்ல பொருள் பற்றி இரண்டு வரி போதும். விலை உயர்ந்த ஸ்கெட்ச் புக் வாங்கினால் முதல் பக்கத்தைத் தொடப் பயம் வரும். பழைய நோட்டின் மீதிப் பக்கத்தில் அந்தப் பயம் இல்லை.

நம்பிக்கை: டச் விட்டுப்போனால் போனதுதான்

கை ஒருமுறை கற்றதை முழுக்க மறப்பதில்லை. விட்ட இடத்திலிருந்து மறுபடி கற்பது முதல் தடவையைவிட வேகமாக நடக்கும். ஆனால் திரும்பி வருகிறவரின் கண், கையைவிடக் கூர்மையாக இருக்கும். பத்து வருடத்தில் நல்ல படங்கள் நிறைய பார்த்திருப்பீர்கள், ரசனை ஏறியிருக்கும், கை மட்டும் அங்கேயே நிற்கும். அந்த இடைவெளிதான் வலிக்கிறது. திறமை போய்விட்டதற்கு அது அடையாளம் இல்லை.

பழைய மாதிரியேதான் திரும்ப வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. பிரெஞ்சு ஓவியர் ஹென்றி மத்தீஸ் 1941இல், எழுபத்தொரு வயதில், வயிற்றுப் புற்றுநோய்க்காகப் பெரிய அறுவை சிகிச்சை செய்துகொண்டார். அதன் பிறகு ஈசல் முன்னால் நின்று வரைவது கடினமாகிவிட்டது. உதவியாளர்கள் தாள்களில் வண்ணம் பூசிக் கொடுக்க, கட்டிலிலும் சக்கர நாற்காலியிலும் இருந்தபடி கத்தரிக்கோலால் வெட்டி ஒட்டிப் படம் செய்தார். 1947இல் வந்த 'ஜாஸ்' தொகுப்பு அப்படிப் பிறந்தது. நம் பணிக்கரும் குடும்பப் பொறுப்பால் முதலில் தந்தித் துறையில் வேலை பார்த்துவிட்டு 1936இல்தான் ஓவியப் பள்ளியில் சேர்ந்தார். அவருடைய பெயரைத் தனித்து நிறுத்திய சொற்களும் குறியீடுகளும் கொண்ட ஓவிய வரிசை 1963இல் தொடங்கியது. அப்போது அவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது.

நம்பிக்கை: துயரம்தான் கலைக்கு உரம்

இந்த நம்பிக்கை ஆபத்தானது. இதற்குச் சாட்சியாக எல்லோரும் இழுப்பது வின்சென்ட் வான்கோவை.

1889 மே மாதம் வான்கோ தானாகவே செயின்ட் ரெமி மனநலக் காப்பகத்தில் சேர்ந்தார். அங்கிருந்த ஒரு வருடத்தில் ஏறத்தாழ 150 ஓவியங்கள். இந்த எண்ணிக்கையைச் சொல்லி, பித்துதான் வரைய வைத்தது என்பார்கள். அவர் தம்பி தியோவுக்கு எழுதிய கடிதங்கள் நேர்மாறாகச் சொல்கின்றன. அந்த ஜூலையில் நோய் தாக்கியபோது வாரக்கணக்கில் அவரால் தூரிகையைத் தொடவே முடியவில்லை. படங்களில் பெரும்பாலானவை தாக்குதல்களுக்கு இடைப்பட்ட தெளிந்த நாட்களில் வந்தவை. வேலை தன்னைத் தாங்குகிறது, நோய் அதைப் பறிக்கிறது என்பதுதான் அவர் புரிந்துவைத்திருந்தது.

அந்தத் தாக்குதலுக்குப் பிறகு அவர் எப்படித் திரும்பினார் என்பது நமக்குப் பயன்படும். வெளியே போய் வரையத் தெம்பில்லாத நாட்களில், அறையில் இருந்த கறுப்பு வெள்ளை அச்சுப்படங்களை எடுத்து வண்ணத்தில் வரைந்தார். பிரெஞ்சு ஓவியர் மில்லேயின் படங்களை மட்டும் இருபதுக்கும் மேல். "காப்பி அடிப்பது கலையா?" என்று கேட்பவர்களுக்குப் பதிலும் இதில் இருக்கிறது. என்ன வரைவது என்ற முடிவை இன்னொருவரிடம் கொடுத்துவிட்டால், ஓய்ந்துபோன மனதுக்குச் சுமை பாதி குறையும்.

இங்கே ஒரு வேறுபாட்டை விளக்க வேண்டியிருக்கிறது. வரைய மட்டும் மனம் இல்லை, மற்றபடி சாப்பிட்டு, சிரித்து, தூங்கி எழுகிறீர்கள் என்றால் மேலே சொன்ன பத்து நிமிடம் போதும். இரண்டு வாரமாக ஏறக்குறைய தினமும் எதிலுமே பிடிப்பில்லை, பிடித்த பாட்டுகூடக் காதில் ஏறவில்லை, தூக்கமும் பசியும் தாறுமாறாகிவிட்டன என்றால் அது சோம்பல் இல்லை, மனச்சோர்வு நோயாக இருக்கலாம். மருத்துவரைப் பார்க்க வேண்டும். இந்தியாவில் 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் இரவு பகலாக இலவசமாகப் பேசலாம், தமிழிலும் பேசலாம். இலங்கையில் 1926. மனச்சோர்வுக்கான சிகிச்சைகளில் ஒன்று, ஆர்வம் வரட்டும் என்று காத்திருக்காமல் சின்னச் சின்னச் செயல்களை நாளில் திட்டமிட்டுப் பொருத்துவது. 1996இல் நீல் ஜேக்கப்சனும் குழுவினரும் நடத்திய ஆய்வில், சிகிச்சையின் இந்தப் பகுதி மட்டுமே முழுச் சிகிச்சைக்கு ஈடான பலனைத் தந்தது. ஆனால் அதை அளந்து கொடுக்க ஒரு நிபுணர் வேண்டும். அந்த நிலையில் இருப்பவரிடம் போய், "ஏதாவது வரையேன், சரியாயிடும்" என்று யாரும் சொல்ல வேண்டாம்.

நம்பிக்கை: கலைஞன் தனியாகத்தான் இருக்க வேண்டும்

பிரெஞ்சு ஓவியர் கிளாட் மோனேயின் மனைவி ஆலிஸ் 1911இலும் மூத்த மகன் ழான் 1914இலும் இறந்தார்கள். இதற்கிடையே மோனேயின் கண்ணில் புரை வேறு. ஏறக்குறைய கைவிட்டுவிட்ட ஓவியத்துக்கு அவரைத் திரும்பக் கொண்டுவந்ததில் நண்பர் ஜார்ஜ் கிளெமென்சோவுக்குப் பெரிய பங்கு உண்டு. பிரான்சின் பிரதமராக இருந்தவர், போரின்போது மறுபடி பிரதமரானவர். பிறகும் கண் ஆபரேஷனுக்குச் சம்மதிக்க வைப்பதிலும், நாட்டுக்குத் தருவதாகச் சொன்ன அல்லிக்குளப் படங்களை முடிக்க வைப்பதிலும் விடாமல் நச்சரித்தார். பாரிஸ் ஒராஞ்சரியில் 1927இல் திறக்கப்பட்ட அந்தப் பெரும் ஓவியங்கள், கேட்டுக்கொண்டே இருந்த ஒரு நண்பர் இல்லாமல் முடிந்திருக்குமா என்று எனக்குச் சந்தேகம்தான்.

நமக்குப் பிரதமர் வேண்டாம். அடுத்த ஞாயிறு காலை ஏழு மணிக்கு வருவதாகச் சொன்ன ஒரே ஒரு ஆள் போதும். 2007இல் சியாட்டிலில் கேப்ரியல் கம்பனாரியோ தொடங்கிய அர்பன் ஸ்கெட்சர்ஸ் இயக்கத்தைப் பார்த்து, பல ஊர்களில் ஓய்வு நாளில் கூடித் தெருவில் உட்கார்ந்து வரைகிறார்கள். உங்கள் ஊரில் இல்லை என்றால் இரண்டு பேராகத் தொடங்கலாம். கோயில் குளக்கரை, ரயில் நிலையத்துக்கு எதிர்ச் சாரி, சந்தை என்று எங்கே வேண்டுமானாலும் உட்காரலாம். ஒரு மணி நேரம் பேசாமல் வரைவது, பிறகு எல்லோரும் நோட்டைத் தரையில் திறந்து வைப்பது, டீ குடிப்பது. நான் போகும் குழுக்களில் ஒரே ஒரு நிபந்தனை வைக்கிறேன்: அவரவர் கேட்காமல் யாரும் யார் படத்தையும் திருத்தக் கூடாது. எனக்கும் சேர்த்துத்தான் அந்த நிபந்தனை.